இருபத்துமூன்று பிச்சிப்பூச் சோப்புகள்

அண்ணனுக்கு ஒரு சோப்பு கொடுக்க வேண்டுமென்றால் இருபத்துமூன்று சோப்பு செய்ய வேண்டும். அந்த இல்லத்தின் விதி அப்படி. ஒருத்தருக்கு மட்டும் என்று எதுவும் உள்ளே போகக் கூடாது. எப்போதோ யாருக்கோ அவர் வீட்டிலிருந்து ஒரு புதுத் துண்டு வந்ததாம், அந்தத் துண்டுக்காக இரண்டு பேருக்கு மண்டை உடைந்ததாம். அன்றிலிருந்து, கொடுத்தால் எல்லாருக்கும் கொடு, இல்லையென்றால் கையை வீசிக்கொண்டு வா.

செங்கோட்டை தாண்டிப் புளியறைக்குப் போகிற ரோட்டில், செக்போஸ்ட்டுக்காக லாரிகள் வரிசையில் நிற்கத் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது இல்லம். மனம் பிசகிய ஆண்களுக்கானது. இருபத்துமூன்று பேர். அதில் ஒருவன் என் அண்ணன். உள்ளே போய்ப் பதினோரு வருடம்.

சித்திரையில் நான் பார்க்கப் போயிருந்தபோது, இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா என்னை ஆபீஸ் ரூமில் உட்காரவைத்தார்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. டாக்டரும் முடியாதுன்னு சொல்லல. மாத்திரை போடுதாரு, தூங்குதாரு, யாரு மேலயும் கை வைக்கிறதில்ல. ஆனா குளிக்க மாட்டேங்காரும்மா. இங்க ரெண்டு ஆளு பிடிச்சுக்கிட்டு ஈரத்துணியால தொடச்சு விடுதாங்க. அதுக்கே அன்னைக்குப் பூரா அழுவுதாரு. உங்க வீட்டுல நீங்க ஒத்தை ஆளு. யாரு பிடிப்பா, யாரு தொடைப்பா?"

அக்கா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆனி மாசக் கடைசியில டாக்டர் வருதாரு. அதுக்குள்ள, யாரும் பிடிக்காம, அவரா போயி நாலு செம்புத் தண்ணி தலையில ஊத்திக்கிட்டாருன்னு வைங்க. ஒரே ஒரு தடவை போதும். கூட்டிட்டுப் போங்க. நானே டாக்டர்கிட்ட பேசுதேன்."

நாலு செம்புத் தண்ணீர். அவ்வளவுதான் கேட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் தண்ணீராகவே கண்ணில் பட்டது. வாய்க்கால், குளம், வயலில் தேங்கிய தண்ணீர், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிரம்பி வழிகிற குடம். இவ்வளவு தண்ணீர் ஓடுகிற ஊரில் நாலு செம்பு.

எங்கள் வீடு இலஞ்சியில். பின்வாசலில் ஒரு துவைகல், அதை ஒட்டிப் பிச்சிக்கொடி. கொடியை நட்டது அண்ணன்தான். வயரிங் வேலைக்குப் போய்விட்டு உடம்பெல்லாம் சுவர்த்தூசியோடு வந்தான் என்றால் நேரே பின்வாசலுக்குத்தான் போவான். பிச்சிப்பூ உதிர்ந்து மிதக்கிற வாளித் தண்ணீரை அப்படியே எடுத்துத் தலையில் ஊற்றுவான். பூ தலைமுடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாயில் ஏதாவது பாட்டு, ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு மதினி கத்துவாள்: "கொழுந்தனாரே, பாடி முடிச்சதும் சொல்லும். மாடு மடியை இறுக்கிக்கிட்டு நிக்கி." அவன் இன்னும் சத்தமாகப் பாடுவான். தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். அவன் குளித்துவிட்டு வந்த பிறகு வீட்டுக்குள் சோப்பு வாசமும் பிச்சி வாசமும் கலந்து அரை மணி நேரம் நிற்கும்.

இருபத்துநாலாம் வயதில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு சுவரோடு பேச்சு வந்தது. ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள ஆளு இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டான்.

குத்தாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் தெளிந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. எங்கெங்கேயோ இருந்து ஆட்களைக் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து அருவியில் நிறுத்துகிறார்கள். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷத்தில் அருவிக்கரையில் இறங்குகிற நாங்கள் நிறுத்தாமல் இருப்போமா. அப்பா சொன்னார், ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். தினமும் விடியற்காலை, மெயின் அருவி. பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, அப்பா பிடரியைப் பிடிக்க. நான் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு.

முதல் நாள் அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். அவனுக்குத் தெரிந்த தண்ணீர்தானே. சீசன் ஏறஏற அருவி கனத்தது. தண்ணீர் விழுகிற மாதிரி இல்லை, கல் விழுகிற மாதிரி. வெளியே வரப் பார்த்தான். விடவில்லை. மூச்சு முட்டித் திமிறினான். "உள்ள இருக்கது வெளிய போகுது, அதான் துள்ளுதான், விடாதீங்க" என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். யாரென்றே தெரியாதவர்கள்.

பதினேழாம் நாள், அருவிக்குப் போகிற வழியில் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மூன்று ஆம்பிளைகள் இழுத்தும் வரவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஏட்டி, நீ சொல்லு. விடச் சொல்லு."

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். "இன்னும் கொஞ்ச நாள்தாம்ணே, பாதியில விட்டா பலிக்காதாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்தேன். முதலில் சுண்டுவிரல். அதற்கு அடுத்தது. என் கை பட்டதும் அவன் இறுக்கவில்லை. ஆம்பிளைகளோடு மல்லுக்கட்டிய கை, எனக்கு விட்டுக்கொடுத்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதிப் பார்த்தாயிற்று. எழுதியதைக் கிழித்தும் பார்த்தாயிற்று.

மண்டலத்தை முடித்தோம். தெளியவில்லை. அதற்குப் பிறகு அவன் குளித்ததே இல்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போனான். மழை பெய்தால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கட்டிலைப் பின்வாசலிலிருந்து தூரமான அறைக்கு மாற்றினோம். அப்பா போன பிறகு நாலு வருஷம் நானே வைத்திருந்தேன். உடம்பெல்லாம் புண்ணாகி, அது சீழ் பிடித்து, அதற்குப் பிறகுதான் புளியறை ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

நாலு செம்புத் தண்ணீருக்கு எனக்குத் தோன்றிய ஒரே வழி அந்தப் பிச்சி வாசம்தான். அருவிக்கு முந்தைய தண்ணீர் ஒன்று அவனுக்குள் எங்கேயாவது கிடக்க வேண்டும். பூ மிதக்கிற வாளி. அதன் வாசத்தைக் கையில் கொடுத்தால், கை அதுவாகவே செம்பைத் தேடாதா. இப்படியெல்லாம் யோசிக்கிறவள்தான் நான். கடைச் சோப்பில் அந்த வாசம் இல்லை. எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன்.

அதே மதினி, இப்போது மாடு இல்லை, மகளிர் குழுவில் சேர்ந்து தென்காசியில் சோப்பு செய்யப் பழகி வந்திருந்தாள். போய்ச் சொன்னேன்.

"எத்தனை?"

"இருபத்துமூணு."

"கல்யாண வீட்டுக்குக் குடுக்கிற மாதிரில்லா சொல்லுத" என்றாள். பிறகு யாருக்கு என்று சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பூ அச்சு எங்கிட்ட இருக்கு. வா" என்றாள்.

செக்குத் தேங்காய் எண்ணெயில் பிச்சிப்பூவைப் போட்டு ஊறவைத்தேன். ஏழு நாள், தினமும் பழைய பூவை வடித்து எடுத்துவிட்டுப் புதுப் பூ. அதே கொடியின் பூ. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம், எண்ணெய் பூவாகவே மாறிவிடும். சோப்புக்கும் அதுதானே என்று நினைத்துவிட்டோம், மதினி உட்பட. பூ வாசத்துக்குப் பூவைத் தவிர வேறு எதைப் போடுவது?

காஸ்டிக் சோடாவை மதினி என்னைத் தொட விடவில்லை. "தண்ணிக்குள்ளதான் சோடாவப் போடணும். சோடாவுல தண்ணிய ஊத்துன, மூஞ்சிக்குப் பொங்கி வந்திரும், சொல்லிட்டேன்." கரைத்த வாளியிலிருந்து புகை வந்தது. குளிர்ந்த தண்ணீர் அடுப்பில்லாமல் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றி, கடைந்தோம். மோராக இருந்தது மோர்க்குழம்பாகி, அது இட்லி மாவுப் பதத்துக்கு வந்தது. ஐந்து இதழ் வைத்த அச்சில் ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிச்சிப்பூவை அழுத்தினேன். வெள்ளைச் சோப்பில் வெள்ளைப் பூ. இருபத்துமூன்று. மதினி இடுப்பில் கைவைத்து நின்று, "தாம்பூலத் தட்டுல வைக்கலாம் போல இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அச்சிலிருந்து எடுத்தோம். பூவெல்லாம் கறுத்திருந்தது. ஈசல் செத்து ஒட்டிக்கிடக்கிற மாதிரி. மூக்கில் வைத்தால் பிச்சி இல்லை. எண்ணெய் காறின மாதிரி ஏதோ ஒன்று. சோடா, வாசத்தைத் தின்றுவிட்டிருந்தது. மதினி ஒரு சோப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூவ கொன்னுட்டமே, பிள்ள."

அவள் சும்மா சொன்னதுதான். எனக்கு என்னவோ கம்பியைப் பிடித்திருந்த அண்ணன் விரல்கள் ஞாபகம் வந்தன. நல்லது என்று நம்பித்தான் நான் எதையும் கெடுத்திருக்கிறேன்.

பிறகு தென்காசிக் கடையில் பிச்சி வாசனை எண்ணெய், சின்னக் குப்பியில் அடைத்தது, வாங்கி வந்தோம். அதை ஊற்றியதும் கலவை ஒரு நொடியில் திரிந்த பால் மாதிரிக் கட்டிதட்டிப் போயிற்று. பூ வாசனைகள் அப்படித்தான் படுத்தும் என்று மதினிக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், அவள் மறந்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது: கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக, வேகவேகமாக. சுத்தமான, பளிச்சென்ற, ஐந்து இதழ்ப் பூக்கள். வாசம் வந்தது. எங்கள் கொடியின் வாசம் இல்லை, கிட்டத்தட்ட அது. என் மணிக்கட்டில் சோடா தெறித்து ஒரு ரூபாய்க் காசளவு வெந்திருந்தது.

சோப்பு ஒரு மாதம் காய வேண்டும். பச்சைச் சோப்பு தோலை எரிக்கும். அண்ணன் தோலை இனி எதுவும் எரிக்கக் கூடாது. எனவே பழைய கட்டில் இருக்கிற அறையில், செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கி, நாளுக்கு ஒரு தடவை திருப்பி வைத்தேன். வைகாசி முழுக்க வேறு வேலை ஓடவில்லை. போய்ப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், திருப்புவேன். அறை முழுக்கப் பிச்சி. ஒரு நாள் மெத்தையை வெயிலில் போட்டேன். பிறகு ஜன்னலுக்குத் திரை தைத்தேன். பின்வாசல் குழாய் சொட்டுகிற சத்தம் அவனுக்கு ஆகாது என்று வாஷர் மாற்றினேன். மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருதாவளா?" என்றாள். நானும் சிரித்தேன். கடைசியாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனி பிறந்ததும் கொண்டுபோனேன். ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் பொதிந்து வாழைநாரால் கட்டியிருந்தேன். அக்கா கட்டைப் பார்த்ததும், "நல்லாருக்கும்மா. ஆனா நாரு உள்ள போகப்படாது. கயிறு, நாரு, நூலு, எதுவும் கூடாது" என்றார்கள். தெரிந்திருக்க வேண்டும் எனக்கு. ஆபீஸ் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து இருபத்துமூன்று முடிச்சையும் அவிழ்த்தேன்.

கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஆளுக்கொன்று கொடுத்தோம். ஒரு பெரியவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க்யூ மேடம்" என்றார். இன்னொருவர், "இது திங்கவா, தேய்க்கவா?" என்று கேட்டார். தேய்க்க என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒரு இதழைக் கடித்துவிட்டார். "சீனி பத்தல" என்று துப்பினார். சமையல்கார அம்மா, புளியறைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரி, "ஐயோ, பால்கோவா அல்ல கேட்டோ!" என்று ஓடிவர, கூடமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

அவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். தலைமுடி ஒட்ட வெட்டி, பாதிக்குமேல் நரைத்து. கை மூடியிருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து, "அண்ணே, பாரு. நம்ம பின்வாசல் பிச்சி" என்றேன். கையைப் பிடித்தேன். விரலைத் தொட்டதும், நான் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, அவனே ஒவ்வொன்றாகத் திறந்துகொடுத்தான். சுண்டுவிரலில் இருந்து. யாரோ பழக்கிவிட்ட மாதிரி. நான் சோப்பை வைத்து விரல்களை மூடினேன். அவன் மூக்குக்கிட்ட கொண்டுபோனான். ரொம்ப நேரம் மோந்தான். கண்ணை மூடிக்கொண்டு மோந்தான்.

"யாரு நட்டது?" என்றான்.

"நீதாம்ணே. நீதான் நட்டே."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போன் பேச விடுவார்கள். முதல் ஞாயிறு: "எல்லாரும் குளிக்காங்கம்மா. வராண்டா முழுக்கப் பூ வாசம். உங்க அண்ணன் சட்டைப் பையிலயே வச்சிருக்காரு. யாரையும் தொட விடல." பையில் வைத்திருக்கிறான். அதுவே போதும் என்று இருந்தது எனக்கு. இரண்டாவது ஞாயிறு போனைச் சமையல்கார அம்மா எடுத்தாள். "நேத்து சோப்பும் கையில வச்சு குளிமுறி வாசல் வரை போயி. தனியா. யாரும் சொல்லல கேட்டோ." பிறகு? "நின்னு. திரும்பி வந்து." குளியலறை வாசல் வரை. நான் மதினியைக் கூப்பிட்டு வாசல் வரை போனான் என்று சொன்னேன். "உள்ள போக எவ்வளவு நேரமாவும்?" என்றாள். அன்று அலமாரியில் இருந்து வேஷ்டி இரண்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

அந்த வாரம் சீசன் தொடங்கியது. சாரல் இலஞ்சி வரை வந்தது. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு: இல்லை. இல்லம்மா.

டாக்டர் வந்த அன்று காலையில் போனேன். வேஷ்டி, சட்டை, துண்டு, எல்லாம் ஒரு பையில். முட்டாள்தனம்தான். அண்ணன் ஜன்னலோரம் கட்டிலில், காதைப் பொத்திக்கொண்டு இருந்தான். வெளியே தென்னை ஓலைகளில் சாரல் சத்தம்.

"ஏம்ணே?" என்றேன். கோபமாகக்கூடக் கேட்டிருப்பேன். "வாசல் வரைக்கும் போனியே. நாலு செம்புதான. ஏம்ணே?"

அவன் ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்தான். பொறுமையாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"அங்கன சத்தம் கேக்குல்லா. அது நிக்கட்டும். குளிக்கேன்."

புளியறை ரோட்டுக்குக் குத்தாலத்து அருவிச் சத்தம் எட்டாது. அவ்வளவு தூரம். அருவி வறண்டு பாறை மட்டும் நிற்கிற கோடையிலும் அவன் குளித்ததில்லை.

டாக்டர் நல்லவர். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார். இன்னொரு வருஷத்துக்கு இங்கேயே இருக்கட்டும் என்கிற படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும், ரத்த சம்பந்தம் நான் ஒருத்திதான். போட்டேன். வேஷ்டிகளைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். இருபத்துமூன்று வேஷ்டி இருக்கிறதா என்றார்கள்.

கிளம்பும்போது அக்கா காகிதத்தில் சுற்றின ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "சட்டையத் துவைக்க எடுத்தப்போ பையில இருந்துச்சு. திருப்பிக் குடுத்தா வேண்டாம்னுட்டாரு. மத்தவங்களோடதெல்லாம் தேஞ்சே போச்சு." பிரித்துப் பார்த்தேன். ஐந்து இதழும் செய்தபடியே இருந்தன. ஓரம்கூட மழுங்கவில்லை. காய்ந்து முன்னைவிட இறுகியிருந்தது. நல்ல சோப்பு நாளாக நாளாக இறுகும் என்று மதினி சொல்லியிருக்கிறாள். அதை வேஷ்டிப் பைக்குள் போட்டேன்.

செங்கோட்டையில் பஸ் மாறினேன். குத்தாலம் வழியாகப் போகிற பஸ். அருவிப் பக்கம் நின்றதும் கூட்டம் ஏறியது. தோளில் துண்டு, சொட்டச் சொட்டத் தலை, நடுங்குகிற உதடு, எல்லார் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு. அருவியில் சோப்பு போடக் கூடாது என்று எழுதிய போர்டு ஜன்னலுக்கு வெளியே போயிற்று. ஒரு அம்மா, ஈரப் புடவையோடு என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தள்ளி உக்காரு தாயீ, குளிர் எலும்பு வரைக்கும் போயிருச்சு. என்னா தண்ணி! தலை அப்படியே கழுவி விட்ட மாதிரில்லா இருக்கு." அவள் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டி என் மடியில் இருந்த பைக்குள் இறங்குவது தெரிந்தது. பையை நகர்த்தவில்லை.

இலஞ்சி வருவதற்குள் பஸ் முழுக்க வாசம் எழுந்துவிட்டது. அவன் ஒரு தடவைகூட நனைக்காத வாசம்.

"பிச்சிப்பூ மணக்கே" என்றாள் அந்த அம்மா, முன்சீட்டில் இருந்த பெண்களின் தலைகளை எட்டிப் பார்த்துக்கொண்டு. "யாருட்டி வச்சிருக்கா?"

யார் தலையிலும் பூ இல்லை. அவள் என் தலையையும் பார்த்தாள். பைக்குள் கையை விட்டேன். வேஷ்டி நனைந்திருந்தது. சோப்பு வழுக்கியது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.